எக்கோ நார்மல் என்றால் இரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மாலைநடை:

அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. கொஞ்ச நாளாகப் படி ஏறினால் நெஞ்சின் நடுவே ஏதோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறார். நின்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. ஈ.சி.ஜி, எக்கோ இரண்டும் எடுத்தாயிற்று. எக்கோ ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியைத் தமிழில் தருகிறேன்:

"ஓய்வு நிலையில் இதயச் சுவர் அசைவில் கோளாறு இல்லை. இ.எஃப் 62%. கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன். வால்வுகள் இயல்பு. இரத்தக்கட்டி இல்லை, நீர்கோத்தல் இல்லை."

இதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. டாக்டர் அத்தோடு விடவில்லை, ஸ்ட்ரெஸ் எக்கோ, அதாவது இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்து எடுக்கும் எக்கோ, எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். "இதயத்தையே திரையில் காட்டிவிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் இன்னொரு டெஸ்ட் எதற்கு?" என்பது அவர் வாதம். எனக்கும் அதே சந்தேகம்தான். இதயம் தெரிகிறது என்றால் அதன் இரத்தக்குழாயில் இருக்கும் அடைப்பும் தெரிய வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்கோஅறை:

எக்கோ எடுப்பதுதான் என் வேலை. உங்கள் அப்பா கேட்டதைத்தான் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே பலரும் கேட்பார்கள்: "அடைப்பு ஏதாவது தெரியுதா?"

தெரியாது. நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவில் நாங்கள் பார்ப்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாயை அல்ல, அந்தக் குழாயை நம்பி வேலை செய்யும் தசையை. தசை ஒவ்வொரு துடிப்பிலும் உள்நோக்கி வருகிறதா, தடிக்கிறதா என்று பகுதி பகுதியாகப் பார்ப்போம். இடது கீழறையை 16 அல்லது 17 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முன்சுவர், நடுச்சுவரின் முன்பகுதி, இதய நுனி ஆகியவை பெரும்பாலும் எல்.ஏ.டி என்கிற இடது முன் இறங்கு குழாயின் பொறுப்பு. கீழ்ச்சுவர் பெரும்பாலும் வலது கரோனரி, பக்கச்சுவர் சர்கம்ஃப்ளெக்ஸ். ஆளுக்கு ஆள் எல்லைகள் கொஞ்சம் மாறும். எந்தப் பகுதி சோம்பி நிற்கிறது என்று பார்த்தால் எந்தக் குழாயில் கோளாறு இருக்கலாம் என்று ஊகிக்க முடியும்.

குழாயையே நேரடியாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் அளவு. கரோனரி தொடங்கும் இடத்திலேயே 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான், போகப் போக இன்னும் மெலியும். இதயத்தின் மேற்பரப்பில் வளைந்து வளைந்து ஓடும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடம் மாறும். பாதி இடத்தில் நுரையீரலின் காற்று குறுக்கே நின்று நாங்கள் அனுப்பும் ஒலி அலையை மறைத்துவிடும். அயோர்டிக் வால்வுக்குப் பக்கத்தில் இடது மெயின் என்கிற இடப்பக்கத்து முதன்மைக் கரோனரி குழாய் புறப்படும் வாயை நல்ல படம் கிடைக்கும் ஆட்களிடம் சில சமயம் காணலாம். அதை வைத்து அடைப்பு உண்டு, இல்லை என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் "ஓய்வு நிலையில்" என்று இருக்கிறதே, அந்தச் சொல்லைக் கவனியுங்கள். படுத்திருந்த நேரத்தில் தசைக்குக் குறை இல்லை என்பதுதான் அதன் பொருள். படி ஏறும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்த ரிப்போர்ட் வாயே திறக்கவில்லை.

அலைநீளம்:

எக்கோஅறை சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது. பெரியவர்களுக்கு நெஞ்சின் மேல் வைக்கும் கருவி ஏறத்தாழ 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புகிறது. உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1540 மீட்டர். 3 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளமே அரை மில்லிமீட்டர். இதைவிடச் சிறிய விவரத்தை அந்த ஒலியால் பிரித்துக் காட்ட முடியாது, நடைமுறையில் அந்த அளவுக்குக்கூட எட்டுவதில்லை. 3 மில்லிமீட்டர் குழாயில் கொழுப்பு எத்தனை சதவீதம் அடைத்திருக்கிறது என்று சொல்ல இது போதாது. அலைவரிசையைக் கூட்டினால் படம் நுணுக்கமாகும், ஆனால் ஒலி ஆழத்துக்குப் போகாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எக்கோ பிழைக்க வேண்டியிருக்கிறது.

இந்த எல்லையைத் தாண்டவும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குழாய்க்குள்ளேயே மெல்லிய கம்பி போன்ற ஒலிக்கருவியை அனுப்புவது. ஐ.வி.யு.எஸ் என்பார்கள். அங்கே ஆழம் தேவையில்லை, அதனால் 20 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை போகலாம். குழாய்ச் சுவருக்குள் படிந்திருப்பதுகூடத் தெரியும். ஆனால் அது ஆஞ்சியோகிராம் செய்யும்போது சேர்த்துச் செய்வது, வெளியிலிருந்து எடுக்கும் எக்கோ இல்லை.

இன்னொரு விலக்கு குழந்தைகள். கவாசாகி நோய் வந்த குழந்தைகளுக்கு கரோனரி குழாய் சில இடங்களில் பலூன் போல வீங்கும். குழந்தையின் நெஞ்சு மெல்லியது, அதிக அலைவரிசை போதும், அதனால் அங்கே எக்கோவே குழாயை நேரடியாக அளக்கிறது.

எக்கோ பிறந்த கதையும் சுவையானது. 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் (Inge Edler) என்ற இதய மருத்துவரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் குறைகளைச் சோதிக்க வைத்திருந்த கருவியை வாங்கிவந்து இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். எட்லர் தேடியது மைட்ரல் வால்வின் சுருக்கத்தை. அடைப்பைக் கண்டுபிடிக்கும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை.

கேள்விக்குறி:

அப்படியென்றால் நெஞ்சுவலி என்று போகிற எல்லோருக்கும் முதலில் ஓய்வு எக்கோ எதற்காக எடுக்கிறார்கள்? அடைப்பைக் காட்டாத சோதனையை ஏன் செய்ய வேண்டும்? நேராக ஸ்ட்ரெஸ் எக்கோவுக்கே போய்விடலாமே.

இதயநலம்:

நான் இதய மருத்துவர். கேள்விக்குறி கேட்டது நல்ல கேள்வி. இதற்கும் மாலைநடையின் கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஓய்வு எக்கோ சொல்லும் விஷயங்கள் குறைவில்லை. முன்பு நமக்கே தெரியாமல் ஒரு மாரடைப்பு வந்துபோயிருந்தால் அந்தப் பகுதிச் சுவர் மெலிந்து, அசையாமல், வெளிறித் தெரியும். சர்க்கரை உள்ளவர்களிடம் இப்படி வலியே இல்லாமல் வந்துபோன மாரடைப்பைப் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளித்தள்ளுகிறது என்ற இ.எஃப் அளவு, வரப்போகும் ஆபத்தைக் கணிக்க மிக முக்கியம். அப்புறம், படி ஏறினால் நெஞ்சை அழுத்துவது எப்போதும் கரோனரி அடைப்பால்தான் என்றும் இல்லை. அயோர்டிக் வால்வு சுருங்கினாலும் அதே அழுத்தம் வரும். பரம்பரையாக இதயத் தசை தடிக்கும் நோயிலும் வரும். வால்வு கடுமையாகச் சுருங்கி அறிகுறியும் உள்ளவரை யோசிக்காமல் டிரெட்மில்லில் ஓடவிட்டால் மயங்கி விழுவார். அதனால் ஸ்ட்ரெஸ் கொடுக்கும் முன் ஓய்வில் பார்த்தே ஆக வேண்டும். ஸ்ட்ரெஸ் எக்கோவின் முதல் படியே ஓய்வுப் படங்கள்தான்.

இனி, அடைப்பு இருந்தும் ஓய்வில் எல்லாம் நன்றாகத் தெரிவது ஏன்?

கரோனரிக்கு அபாரமான கையிருப்பு உண்டு. தேவை ஏறும்போது அதில் ஓடும் இரத்தம் ஓய்வு அளவைப்போல நான்கு மடங்கு வரைகூட உயரும். பெரிய குழாய் சுருங்க ஆரம்பித்தால், அதற்கு அடுத்து இருக்கும் நுண்குழாய்கள் விரிந்துகொடுத்து ஓய்வு நேரத்து ஓட்டத்தைக் காப்பாற்றிவிடும். லான்ஸ் கூல்ட் 1974இல் விலங்குச் சோதனையில் இதை அளந்து காட்டினார். குழாயின் விட்டம் ஏறத்தாழ 85% சுருங்கும்வரை ஓய்வு ஓட்டம் குறையவில்லை. ஆனால் உச்ச ஓட்டம் 50% சுருக்கத்திலேயே குறையத் தொடங்கிவிட்டது. வாய்க்கால் பாதி தூர்ந்திருந்தாலும் காலையில் பயிர் வாடுவதில்லை, உச்சி வெயிலில்தான் வாட்டம் தெரியும். மாலைநடையின் அப்பாவுக்குப் படி ஏறுவதுதான் உச்சி வெயில்.

அந்த நேரத்தில் இரத்தம் போதாமல் போனால் தசை உடனே தளர்கிறது. 1935இல் டெனன்ட், விக்கர்ஸ் இருவரும் நாயின் கரோனரி குழாயை இறுக்கிப் பார்த்தபோது, சிறிது நேரத்திலேயே அந்தப் பகுதித் தசை சுருங்குவதை நிறுத்தி வெளியே பிதுங்கியது. ஸ்ட்ரெஸ் எக்கோ இந்தக் கவனிப்பின் மேல்தான் நிற்கிறது. இரத்தம் குறையும்போது நடப்பவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தசைக்குள் ஓட்டம் சீரில்லாமல் போகும். அடுத்து தசை விரிந்துகொடுப்பது கெடும். அதன்பின் சுருங்குவது கெடும். அப்புறம்தான் ஈ.சி.ஜி மாறும். கடைசியில்தான் பெரும்பாலும் வலி வரும். சுவர் அசைவு ஈ.சி.ஜியை முந்திக்கொள்கிறது, அதனால்தான் வெறும் டிரெட்மில் ஈ.சி.ஜியைவிட ஸ்ட்ரெஸ் எக்கோ நம்பகமாக இருக்கிறது.

மாலைநடை, உங்கள் அப்பாவின் அறிகுறி மிகத் தெளிவானது. நடுநெஞ்சில் அழுத்தம், உழைத்தால் வருகிறது, நின்றால் போகிறது. 63 வயது ஆண், கூடவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும். எக்கோ எடுக்கும் முன்பே அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்க வைக்கும் கதை இது. இப்படிப்பட்டவரிடம் ஓய்வு எக்கோ நார்மல் என்பதால் அந்த வாய்ப்பு பெரிதாகக் குறைந்துவிடாது. உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

மாலைநடை:

டாக்டர், மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொல்லவில்லை. அந்த "கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" என்ன? அதைப் படித்துவிட்டு அம்மா இதயம் செயலிழக்கத் தொடங்கிவிட்டது என்று பயந்துபோயிருக்கிறார்.

இதயநலம்:

அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதயம் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் தளர்ந்து விரிவது கொஞ்சம் மெதுவாகிறது என்பதுதான் அது. 60 வயதைத் தாண்டியவர்களிடம், அதுவும் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம், நிறையவே பார்க்கிறோம். அதை வைத்து அடைப்பு உண்டு என்றும் சொல்ல முடியாது, இதயச் செயலிழப்பு என்றும் சொல்ல முடியாது. இரத்த அழுத்தத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையநோயாளி:

எனக்கு டோபுடமைன் ஸ்ட்ரெஸ் எக்கோ செய்தார்கள். உங்கள் அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது, அதனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

கையில் ஊசி போட்டு மருந்தை மெஷின் வழியாக மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். இடது பக்கம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. மருந்து கூடக் கூட நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும், ஓடாமலே ஓடி வந்த மாதிரி. தலைமயிர் கூசும், கொஞ்சம் நடுக்கம் வரும். எனக்கு மூன்றாவது கட்டத்தில் என் வழக்கமான நெஞ்சு அழுத்தம் வந்தது. உடனே சொன்னேன். பக்கத்திலேயே டாக்டர் இருந்தார். படங்களை எடுத்ததும் மருந்தை நிறுத்திவிட்டார்கள், சில நிமிடங்களில் அடங்கிவிட்டது. நெஞ்சில் கருவியை அழுத்திப் பிடிப்பதுதான் விலா எலும்பில் கொஞ்சம் வலித்தது.

முன்சுவர் அசைவு குறைந்தது என்று ரிப்போர்ட் வந்தது. ஆஞ்சியோவில் எல்.ஏ.டியில் கடுமையான சுருக்கம். இப்போது ஸ்டென்ட் வைத்து, மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக நடக்கிறேன். ஓய்வு எக்கோவில் எனக்கும் எல்லாம் நார்மல் என்றே இருந்தது.

எக்கோஅறை:

பழையநோயாளி சொன்னது நான் தினமும் பார்க்கும் காட்சி. எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

டோபுடமைன் வழக்கமாகக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 10, 20, 30, 40 என்று ஏறும். இலக்கு, வயதுக்குரிய உச்சத் துடிப்பில் 85%. 220இல் வயதைக் கழித்தால் உச்சம் என்று ஒரு தோராயக் கணக்கு. 63 வயது என்றால் 157, அதில் 85% ஏறக்குறைய 133. எட்டவில்லை என்றால் அட்ரோபின் சேர்ப்பார்கள். ஓய்வு, குறைந்த அளவு, உச்சம், மீட்சி என்று அதே கோணத்துப் படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்ப்போம். நல்ல இதயம் உச்சத்தில் எல்லாச் சுவரும் தடித்து, உள்ளறை சிறுத்து, துள்ளும். ஒரு பகுதி மட்டும் பின்தங்கினால் கண்ணில் பட்டுவிடும். உள்ளறை சிறுப்பதற்குப் பதில் பெரிதானால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், பல குழாய்களில் நோய் இருக்கலாம் என்பதற்கு அது அடையாளம்.

டிரெட்மில்லில் செய்தால் சவால் வேறு. ஓடி முடித்தவர் இறங்கி வந்து படுத்து, நாங்கள் எல்லாக் கோணங்களையும் 60 முதல் 90 நொடிக்குள் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் தசை மீண்டுவிடும், இருந்த கோளாறு மறைந்துவிடும். அதனால் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நிற்கச் சொன்னதும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள், நேராக வந்து படுத்துவிடுங்கள். படுத்தபடி மிதிக்கும் சைக்கிள் இருக்கும் இடங்களில் இந்த அவசரம் இல்லை, மிதிக்கும்போதே எடுக்கலாம்.

படம் சரியாகக் கிடைக்காத ஆட்களும் உண்டு. பருமன், நுரையீரல் நோய், நெஞ்சுக்கூட்டின் அமைப்பு எல்லாம் காரணம். அடுத்தடுத்த இரண்டு பகுதிகளின் உள்விளிம்பு தெரியவில்லை என்றால் நுண்குமிழி மருந்தை நரம்பில் செலுத்துவோம். உள்ளறை முழுக்கப் பளிச்சென்று நிரம்பி விளிம்பு துலங்கிவிடும். இது அயோடின் சாயம் அல்ல, சிறுநீரகத்தைத் தொடாது. குமிழிக்குள் இருக்கும் வாயு மூச்சோடு வெளியேறிவிடும். மங்கலான படத்தை வைத்துக்கொண்டு "நார்மல்" என்று எழுதுவதைவிட இதைக் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

நேர்வழி:

எல்லாம் சரி, ஆனால் இது சுற்றுவழி இல்லையா? குழாயில் சந்தேகம் என்றால் குழாயைப் பார்க்க வேண்டியதுதானே. சி.டி கரோனரி ஆஞ்சியோகிராம் கையில் ஊசி போட்டு எடுப்பதுதான், நிமிடங்களில் முடிகிறது, குழாயின் உட்புறமும் சுவரில் படிந்த கொழுப்பும் தெரிகிறது. ஸ்காட்லாந்தில் 4146 பேரிடம் செய்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018இல் வந்தது. வழக்கமான கவனிப்போடு சி.டியும் எடுத்தவர்களில் மாரடைப்போ கரோனரி நோயால் மரணமோ 2.3%, சி.டி இல்லாதவர்களில் 3.9%. ஸ்ட்ரெஸ் எக்கோவுக்கு இப்படி ஒரு முடிவு இருக்கிறதா? சுவரைப் பார்த்துக் குழாயை ஊகிப்பது போன தலைமுறையின் வேலை என்று நினைக்கிறேன்.

இதயநலம்:

நேர்வழி, ஸ்காட்-ஹார்ட் பற்றி நீங்கள் சொன்ன எண்கள் சரி. அதில் பலன் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சி.டியில் படிவுகளைக் கண்டதும் ஸ்டாட்டின் போன்ற தடுப்பு மருந்துகள் அதிகம் பேருக்குத் தொடங்கப்பட்டன, அது பெரிய காரணம். அந்த ஆய்வில் ஒப்பிட்ட வழக்கமான கவனிப்பு பெரும்பாலும் டிரெட்மில் ஈ.சி.ஜிதான், ஸ்ட்ரெஸ் எக்கோ அல்ல. 2015இல் வெளிவந்த பிராமிஸ் ஆய்வில் 10,003 பேரை சி.டி ஒரு பக்கம், ஸ்ட்ரெஸ் சோதனைகள் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தார்கள். மரணம், மாரடைப்பு உள்ளிட்ட விளைவுகளில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை.

சி.டி சொல்வது அமைப்பு, ஸ்ட்ரெஸ் எக்கோ சொல்வது அந்த அமைப்பால் தசைக்கு வந்த கஷ்டம். 60% சுருக்கம் என்று சி.டி காட்டினால், அது தசையைப் பட்டினி போடுகிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கும். குழாயில் சுண்ணாம்பு நிறையப் படிந்திருந்தால் சி.டியில் அந்த இடம் பூத்துப்போய் சுருக்கத்தை மிகைப்படுத்திக் காட்டும், வயதானவர்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் இது அதிகம். மறுபுறம், ஸ்ட்ரெஸ் எக்கோவால் தசையைத் தொந்தரவு செய்யாத சின்னப் படிவுகளைக் காட்டவே முடியாது. அங்கே சி.டிக்கு நிகர் இல்லை, அதை நான் முழு மனதாக ஒப்புக்கொள்கிறேன். வயது குறைவு, அறிகுறி தெளிவில்லை, அடைப்பு இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றால் நானே சி.டி எழுதுகிறேன்.

மாலைநடை, அப்பாவின் கிரியேட்டினின் எவ்வளவு?

மாலைநடை:

போன ரிப்போர்ட்டில் 1.9 டாக்டர். சர்க்கரையால் சிறுநீரகம் கொஞ்சம் பாதித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

நேர்வழி:

இது தெரியாமல் பேசிவிட்டோம். கிரியேட்டினின் 1.9 என்றால் சிறுநீரகத்துக்காக, சி.டிக்குச் செலுத்தும் அயோடின் சாயத்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். இவருக்கு ஸ்ட்ரெஸ் எக்கோ முதலில் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பொதுவாக சி.டி முதலில் என்ற என் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

இதயநலம்:

சரி. இந்த அளவில் சி.டி கூடவே கூடாது என்றும் இல்லை, நீர்ச்சத்தைப் பார்த்துக் கவனமாக எடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் சாயமும் கதிர்வீச்சும் இல்லாத சோதனையிலிருந்தே தேவையான பதில் கிடைக்கும்போது அதிலிருந்து தொடங்குவது நல்லது. அவருடைய டாக்டரும் இதை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார்.

கேள்விக்குறி:

ஸ்ட்ரெஸ் எக்கோவும் தவறிப்போகும்தானே? எவ்வளவு நம்பலாம்?

எக்கோஅறை:

தவறும். பொதுவாகச் சொல்லும் அளவு, கணிசமான அடைப்பு உள்ள 100 பேரில் 80 முதல் 85 பேரைக் கண்டுபிடிக்கும். இல்லாதவர்களில் ஏறத்தாழ அதே அளவு பேரைச் சரியாக "இல்லை" என்று சொல்லும். டிரெட்மில் ஈ.சி.ஜிக்கு இந்த எண்கள் 68, 77 என்று பழைய தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது.

எங்கே தவறுகிறது என்று தெரிந்தால் பாதித் தவறைத் தவிர்க்கலாம். இலக்குத் துடிப்பை எட்டாமல் நிறுத்திவிட்டு "நெகட்டிவ்" என்று எழுதினால் அதற்கு மதிப்பு குறைவு. உங்கள் ரிப்போர்ட்டில் உச்சத் துடிப்பு எத்தனை என்று பாருங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை ஏறவிடாது. சர்கம்ஃப்ளெக்ஸ் ஒன்றில் மட்டும் அடைப்பு என்றால் பக்கச்சுவர் சரியாகத் தெரியாமல் நழுவிப்போகும். படிக்கிறவரின் அனுபவமும் பெரிய விஷயம், இது எண்ணை எடுத்து எழுதும் சோதனை அல்ல, கண் பழக வேண்டும்.

துடிப்பு:

எனக்கு நேர்மாறாக நடந்தது. எக்கோவில் நடுச்சுவர் அசைவு சரியில்லை, அடைப்பு இருக்கலாம் என்றார்கள். ஆஞ்சியோவில் எல்லாக் குழாயும் சுத்தம். ஈ.சி.ஜியில் எல்.பி.பி.பி என்று இருக்கிறது. எக்கோ பொய் சொன்னதா?

எக்கோஅறை:

எல்.பி.பி.பியில் இடது பக்கத்துக்கு மின்சாரம் சுற்றிக்கொண்டு தாமதமாகப் போகிறது. அதனால் நடுச்சுவர் நேரம் தப்பி அசையும். இரத்தம் போதாததால் அல்ல. பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும், திறந்த இதய அறுவை செய்தவர்களிடமும் இப்படி விசித்திரமான நடுச்சுவர் அசைவு இருக்கும். இவர்களிடம் சுவர் நகர்கிறதா என்று பார்ப்பதைவிடத் தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதயநலம்:

சேர்த்துச் சொல்கிறேன், அசைவுக் கோளாறு எல்லாம் அடைப்பால் வருவதில்லை. இதயத் தசை அழற்சியில் வரும். கடும் மன அதிர்ச்சிக்குப் பின் வரும் டாகோட்சுபோவில் இதய நுனி பலூன் போல விரிந்து நிற்கும், பார்த்தால் அசல் மாரடைப்பு மாதிரியே இருக்கும், ஆஞ்சியோவில் அடைப்பு இருக்காது. 1990இல் ஜப்பானில் இதை முதலில் விவரித்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அசையாத தசை எல்லாம் செத்த தசை அல்ல. நீண்டகாலம் குறைந்த இரத்தத்தில் வாழப் பழகி, வேலையை நிறுத்திவைத்துக் காத்திருக்கும் தசை உண்டு. குறைந்த அளவு டோபுடமைனில் அது விழித்துக்கொண்டு அசையும், அளவைக் கூட்டினால் மறுபடி படுத்துவிடும். அப்படி ஏறி இறங்கினால் அங்கே உயிருள்ள தசை இருக்கிறது, அதன் குழாயில் கடுமையான சுருக்கமும் இருக்கிறது. சுவர் 6 மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்து வெளிறியிருந்தால் பெரும்பாலும் தழும்புதான். ஒரு மருந்தின் இரண்டு அளவுகளை வைத்து இவ்வளவு படிக்க முடிகிறதே என்று எனக்கு இன்றும் இந்தச் சோதனையின் மேல் பெரிய மரியாதை.

பழையநோயாளி:

டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம் வெகுநாளாக இருக்கிறது. என் உறவினர் ஒருவருக்கு ஸ்ட்ரெஸ் எக்கோ நெகட்டிவ். சில மாதத்தில் மாரடைப்பு வந்துவிட்டது. அப்போது சோதனை தவறா?

இதயநலம்:

தவறாக இருக்க வேண்டும் என்று இல்லை. மாரடைப்பு பல நேரம் பெரிய அடைப்பில் வருவதில்லை. குழாயைப் பாதிகூட அடைக்காத, ஆனால் மேல்தோல் மெலிந்த கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, நிமிடங்களில் முழுதாக மூடிவிடும். முந்தைய நாள் வரை அந்தக் குழாயில் ஓட்டம் தாராளமாக இருந்திருக்கும். ஸ்ட்ரெஸ் எக்கோ ஓட்டக் குறைவைத்தான் பிடிக்கும், வெடிக்கப்போகும் படிவைப் பிடிக்காது. நல்ல துடிப்பை எட்டி நெகட்டிவ் ஆனவர்களுக்கு மாரடைப்போ இதய மரணமோ வரும் வாய்ப்பு ஆண்டுக்கு 1% அளவில்தான், பெரும்பாலும் அதற்கும் கீழே. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சற்று அதிகம். ஆகவே நெகட்டிவ் என்று வந்தாலும் சர்க்கரை, அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை இவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பாசிட்டிவ் வந்தால் உடனே ஸ்டென்ட் என்றும் ஓட வேண்டாம். 5179 பேரை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஸ்ட்ரெஸ் சோதனையில் மிதமான அல்லது கடுமையான குறை தெரிந்த நிலையான நோயாளிகள் அவர்கள். உடனே ஆஞ்சியோ செய்து சரிசெய்த பிரிவும், நல்ல மருந்துகளோடு தொடங்கிய பிரிவும் மரணம், மாரடைப்பு இரண்டிலும் மொத்தத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தன. அடிக்கடி வலி வருபவர்களுக்கு மட்டும் குழாயைச் சரிசெய்ததில் வலி நன்றாகக் குறைந்தது. இடது மெயினில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் இல்லை, அவர்கள் கதை வேறு.

அலைநீளம்:

ஓய்வு எக்கோவிலேயே ஸ்ட்ரெய்ன் என்று ஓர் எண் தருகிறார்களே, அதில் அடைப்பு தெரியாதா?

இதயநலம்:

கண்ணுக்குத் தப்பும் தளர்ச்சியை அது பிடிக்கும். தசைப் புள்ளிகள் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நெருங்குகின்றன என்று கணினி தொடர்ந்து அளக்கிறது, இயல்பு அளவு கழித்தல் 20% சுற்றி. ஒரு குழாயின் பகுதியில் மட்டும் அது குறைந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, தசைத் தடிப்பு எல்லாமே அதைக் குறைக்கும். மாலைநடையின் அப்பாவிடம் அது குறைவாக வந்தால் எதனால் என்று பிரிக்கவே முடியாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பதிலாக அல்ல.

மாலைநடை:

இந்த இழை முழுவதையும் அப்பாவுக்கு உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். பழையநோயாளி ஐயா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். போகலாம் என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலி இருப்பதால் டிரெட்மில் முடியாது, டோபுடமைன்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கிறார், அதை நாங்களே நிறுத்திவிடலாமா?

இதயநலம்:

நீங்களாக நிறுத்தாதீர்கள். சோதனைக்கு முன் நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். திடீரென்று விட்டால் வலி கூடலாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இவற்றுக்கும் அன்று என்ன செய்வது என்று கேட்டுவிடுங்கள், வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள்.

அதற்கு நடுவில் ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த நடையிலேயே வந்தாலோ, வியர்வையோடு 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ சோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஈ.சி.ஜியும் ட்ரோபோனின் என்ற இரத்தச் சோதனையும்தான் முதலில். அந்த நிலையில் ஸ்ட்ரெஸ் எக்கோ செய்யவே கூடாது.

எக்கோஅறை:

இன்னொன்று. துடிப்பு ஏறவில்லை என்றால் அட்ரோபின் போடுவோம் என்று சொன்னேன் அல்லவா, அது குறுகிய கோணக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கும், புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபடுபவர்களுக்கும் ஆகாது. அப்பாவுக்கு இரண்டில் ஏதாவது இருந்தால் உள்ளே போனதும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். பழைய ஈ.சி.ஜி, எக்கோ ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

மாலைநடை:

புரோஸ்டேட் தொல்லை இருக்கிறது, அதற்கு மாத்திரையும் எடுக்கிறார். இதைச் சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியிருக்காது. சீட்டில் பெரிதாக எழுதி ரிப்போர்ட்டோடு வைத்துவிட்டேன்.